அம்மா சொல்லாத ஓம்

பிரதி அமைச்சரின் பிள்ளையாக இருப்பது சம்பளமில்லாத முழுநேர வேலை. லீவும் கிடையாது, இடமாற்றமும் கிடையாது, ஆனால் தேர்தல் வந்தால் உங்களை ஒரு வார்த்தை கேட்காமலே சனம் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

பள்ளிக்கூட அதிபரின் பிள்ளைகளே, பொலிஸ் பொறுப்பதிகாரியின் பிள்ளைகளே, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரின் பிள்ளைகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வகுப்பில் நீங்கள் தும்மினால் அந்தத் தும்மல் உங்களுக்கு முன்னமே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நானும் உங்களில் ஒருத்தி. பெயர் அபிநயா, ஊர் நாவற்குடா. என்னிடம் கூடுதலாக ஒரு வியாதியும் உண்டு: காதில் விழுகிற குரலெல்லாம் அடுத்த நிமிசமே வாயால் வந்துவிடும். பின்னேரங்களில் ஒழுங்கைக்குள் பாணும் பணிஸும் விற்க வருகிற ஓட்டோவின் பாட்டை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பாடினால், பக்கத்து வீட்டார் பையும் கையுமாக வெளியே வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் பார்ப்பார்கள்.

இப்போது அம்மா பதவியில் இல்லை. வாசலில் செருப்புகளும் இல்லை. ஒரு காலத்தில், வந்த சனத்தின் செருப்புக் குவியலுக்குள் என் சப்பாத்தைத் தேடி எடுத்துப் பள்ளிக்கூடம் போவதே பெரிய பாடு. இன்றைக்குக் கதவைத் திறந்தால் அது தனியாக, கண்காட்சிக்கு வைத்த மாதிரி வடிவாக இருக்கிறது. அதைப் பார்க்கிற போதெல்லாம் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக என் தொண்டைக்குள் வந்து கதைக்கத் தொடங்குகிறார்கள்.

மூன்று அளவுப் பாப்பம்

அம்மாவின் அரசியல் முழுவதும் ஒரு சொல்லில் ஓடியது. அந்தச் சொல் 'பாப்பம்'. பார்ப்போம் என்பதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்வது. ஆனால் அம்மாவின் வாயில் அதற்கு அளவுகள் இருந்தன. சட்டென்று 'பாப்பம்' என்றால் வேலை நடக்கும். 'பாஆப்பம்' என்றால் அடுத்த வருசம் வந்து ஞாபகப்படுத்துங்கள். 'பாஆஆஆப்பம்' என்று இழுத்து, தோளிலும் கை வைத்தால், வந்தவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அந்த விசயத்தை மறந்துவிட வேண்டியதுதான். இல்லை என்று அம்மா ஒருவருக்கும் சொன்னது கிடையாது. ஆம் என்பதற்கு நாங்கள் சொல்கிற ஓமும் சொன்னது கிடையாது. ஓம் என்று வாயால் வந்துவிட்டால் செய்து கொடுக்க வேண்டுமே!

வந்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. என் கோரிக்கை மிகச் சின்னது. எங்கள் பள்ளிக்கூடக் கலைவிழாவில் வருசா வருசம் கடைசி நிகழ்ச்சி என்னுடைய பலகுரல். அம்மா வந்து, மேடையில் அல்ல, கீழே மற்றப் பெற்றோரோடு கதிரையில் இருந்து, அதை முழுதாகப் பார்க்க வேண்டும். கேட்கிற நேரமெல்லாம் எனக்குக் கிடைத்தது தோளில் கை வைத்த மூன்றாவது அளவு.

அதே அளவில் மாட்டுப்பட்ட இன்னொருவர் வவுணதீவுப் போடியார். அங்கே வட்டை என்கிற பெரிய வயல்வெளியில் வேளாண்மை செய்கிற மனுசன். வயலுக்குத் தண்ணீர் போகிற மதகு உடைந்து கிடக்கிறது, கட்டித் தாருங்கள் என்று கேட்டுத் தயிர்ச்சட்டியோடு வருவார். ஒருநாள் அம்மாவிடம் இழுத்த பாப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், படியில் இருந்த என்னைப் பார்த்துச் சொன்னார்: "புள்ள, உங்கட அம்மா பாப்பம் பாப்பம் எண்டு சொல்லிச் சொல்லி, மதகுக்குள்ள இப்ப நண்டு குடியிருக்கு. நண்டு வந்து பாத்திட்டுது, அம்மாதான் இன்னும் பாக்கல்ல."

அமைச்சர் கேட்ட இறால்

அப்பா விஞ்ஞான ஆசிரியர். எங்கள் வீட்டில் சமையல் அமைச்சும் அவரிடம்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போனவர் அங்கிருந்து வீட்டுப் போனுக்கு எடுத்து, "என்ன வாங்கோணும்?" என்று கேட்டார். வாய் சும்மா இருக்குமா? அம்மாவின் குரலில், "இறால் வாங்குங்க. பெரிசாப் பாத்து வாங்குங்க. குழம்பு வேணாம், பொரியல். கெதியா வாங்க" என்றேன். அப்பா, மேலதிகாரியோடு கதைக்கிற மாதிரி, "சரி... சரி... இந்தா வாறன்" என்றார்.

வேர்த்து விறுவிறுத்து வந்தார். தலையை வேறு சீவியிருந்தார். இறாலை உடைத்து, மிளகாய்த்தூள் பிரட்டி, கறிவேப்பிலை போட்டுப் பொரித்து, அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையை நடுவில் வைத்துவிட்டு, "அம்மாவக் கூப்பிடு" என்றார். நான் டிவியைப் போட்டேன். மத்தியானச் செய்தியில் அம்மா கொழும்பில் நாடா வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா டிவியைப் பார்த்தார், இறாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அம்மாவின் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அமைச்சர் இறால் கேட்டா எண்டதும் எனக்கு ஐமிச்சம் வந்திருக்கோணும். அவவுக்கு எங்கட குசினி எந்தப் பக்கம் எண்டே தெரியாதே!"

ஜன்னலில் தொங்கிய பொன்னாடை

போகிற இடமெல்லாம் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அலுமாரி நிறைந்தது. பெட்டி நிறைந்தது. பிறகு அப்பா தன் அமைச்சு அதிகாரத்தைப் பயன்படுத்தினார். சிவப்பு நிறத்தில் வந்ததெல்லாம் தலையணை உறை ஆனது. பச்சைகள் சாப்பாட்டு மேசைக்குப் போயின. மஞ்சளில் சரிகைக் கரை போட்டது இரண்டும் முன் ஜன்னலில் தொங்கின. வெயில் படுகிற நேரம் எங்கள் வீடு கலியாண மண்டபம் மாதிரி மினுங்கும்.

அந்த நேரம் பார்த்துக் காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கிற ஜப்பார் நானா வந்தார். கடைத்தெருவுக்கு விளக்குப் போட்டதற்காக அம்மாவுக்குப் போன மாதம்தான் பொன்னாடை போர்த்தியவர். கதிரையில் இருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தேத்தண்ணியோடு ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார்; நகரவே இல்லை. நானா எழும்பி, அப்பாவைச் சுற்றிப் போய், துணியின் கரையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, வியாபாரக் கவலைதான்: "நம்மட கடைச் சாமான்தான் சேர். ஜன்னலுக்கு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இன்னும் அகலமாத் தந்திருப்பனே."

கடைசி வாங்கில் ஒரு பொலிஸ்காரர்

அம்மாவின் பாதுகாப்புக்கு வந்த பொலிஸ்காரர்களில் ஒருவர் சுனில் மாமா. ஊர் குருநாகல் பக்கம். அம்மா கொழும்பில் நிற்கிற நாட்களில் என்னை டியூசனுக்குக் கூட்டிப்போவது அவர் வேலை. வெளியே நில்லுங்கள் என்றால் நிற்க மாட்டார். வகுப்புக்குள் வந்து கடைசி வாங்கில் விறைப்பாக இருப்பார். முதல் நாள் விஞ்ஞான மாஸ்டர் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடத்தை முடித்தார். அடுத்த கிழமை அவரே சுனில் மாமாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். சுனில் மாமா எழும்பி நின்று, சலூட் அடிக்காத குறையாக, அமிலம், காரம் என்று தன் தமிழில் பதில் சொல்வார். அவருடைய தமிழை நான் பேசிக் காட்டுவேன், என்னுடைய சிங்களத்தை அவர் பேசிக் காட்டுவார். இரண்டில் எது மோசம் என்று ஜீப் சாரதி தீர்ப்புச் சொல்வார். பெரும்பாலும் நான்தான் தோற்பேன்.

ஒருநாள் டியூசன் முடிந்து கல்லடிப் பாலத்தால் வருகிறோம். வாவிக் காற்றுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்கிறேன். முன் சீற்றில் இருந்து சுனில் மாமா திரும்பி மிகக் கவலையோடு சொன்னார்: "பேபி, நாளைக்கு டெஸ்ட். நான் படிச்சது. நீங்க படிக்கல்ல. மாஸ்டர் ஏசினா அதுக்கு செக்கியூரிட்டி இல்ல."

சொல் பிழைத்தது

அம்மா குளிக்கப் போகிற நேரம் போனை மேசையில் வைத்துவிட்டுப் போவார். அது துடித்துத் துடித்துச் சுற்றும். ஒரு விடியற்காலை திரையைப் பார்த்தால் போடியார். மனுசன் எத்தனை தயிர்ச்சட்டி சுமந்திருப்பார் என்று யோசித்தேன். அவருக்கு ஒருநாளாவது சந்தோசமாக விடியட்டுமே! அம்மாவின் குரலை எடுத்தேன். நான் செய்ததிலேயே அருமையான குரல் அதுதான். நடுவில் அம்மா இருமுகிற அந்தச் சின்ன இருமலைக்கூட விடவில்லை. "வணக்கம் போடியார், சுகமா? வேளாண்மை எப்பிடி?" என்றேன். மதகைப் பற்றிக் கேட்டார். கம்பீரமாக, "ஓம் போடியார், கட்டித் தாறன்" என்றேன்.

அந்தப் பக்கம் வயலில் கொக்குக் கத்துவது கேட்டது. போடியார் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிக்க நல்ல நேரம் எடுத்தது. பிறகு சொன்னார்: "மகள்தானே கதைக்கிறாய்? குரல் அச்சு அசல் அம்மாதான் புள்ள. ஆனா அம்மாட வாயில ஓம் எண்ட சொல்லு வராது."

பார்த்ததாகக் கருதி

கலைவிழாவுக்கு அம்மா வராமல் இல்லை. வருவார், பிரதம அதிதியாக. பாண்ட் வாத்தியத்தோடு வருவார், மாலையோடு மேடையில் ஏறுவார், விளக்கை ஏற்றுவார், கல்வியின் முக்கியத்துவம் பற்றிப் பேசுவார். ஒருமுறை பேச்சுப்போட்டிக்கு எனக்குப் பரிசு. வரிசையில் ஏறிப்போய் அம்மாவின் முன்னால் நின்றேன். அம்மாவின் கண் படம் எடுக்கிறவரில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டு வந்த பழக்கத்தில் என்னிடமும் கேட்டார்: "பேர் என்ன மகள்?" நான், "அபிநயா, மாண்புமிகு அமைச்சர் அவர்களே" என்றேன். அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். அந்த நேரம் பார்த்துப் படமும் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் முன்னறையில் தொங்குவது அந்தப் படம்தான். அம்மா என்னை முதன்முதலாகக் காண்கிற மாதிரி இருக்கும்.

அன்றைக்கு அம்மாவின் முகத்தில் ஏதோ இருந்தது, எப்படியும் கடைசிவரை நிற்பார் என்று நம்பினேன். திரைக்குப் பின்னால் நின்று தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு முந்திய கோலாட்டம் முடிகிற நேரம் வெளியே ஜீப் உறுமியது. அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்தார்: "மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வேறு அலுவல்கள் இருப்பதனால், எஞ்சிய நிகழ்ச்சியையும் பார்த்ததாகக் கருதி விடைபெறுகிறார்."

தொண்டை அடைத்த கூட்டம்

அடுத்த தேர்தல் பிரசாரம் முடிகிற கட்டத்தில் அம்மாவின் தொண்டை அடைத்துவிட்டது. செங்கலடிச் சந்தியில் கூட்டம். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது. அம்மாவின் இணைப்பாளர் தவம் அண்ணன் என்னை ஓரமாக இழுத்து, "தங்கச்சி, நீ மேடைக்குப் பின்னால நிண்டு பேசு, அம்மா வாய அசைக்கட்டும்" என்றார். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை! ஆனால் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம். மேடையை விட்டு இறங்கி, சந்தைக்குள் நடந்து, ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். சனம்தான் பேசியது. தண்ணீர், ரோடு, மகனுக்கு வேலை, யானை வேலி. அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

மரக்கறி விற்கிற ஒரு அக்கா அம்மாவின் கையை விடவே இல்லை. வீட்டுக்காரரின் குடியிலிருந்து கத்தரிக்காய்ப் பூச்சி வரை எல்லாம் சொல்லி முடித்தார். அம்மா என்ன செய்வார், குரலில்லையே! கடைசியில் அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இண்டைக்குத்தான்கா நீ பாப்பம் எண்டு சொல்லாம முழுசாக் கேட்டிருக்காய்."

புது ஆள், பழைய சொல்

தோற்றுப்போனோம். ஜீப் போனது. சுனில் மாமா தன் விஞ்ஞானக் கொப்பியை எனக்குத் தந்துவிட்டுப் போனார்; என்னுடையதைவிட வடிவான எழுத்து. வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றின இடத்தில் மதில் வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா காலையில் எழும்பி, சேலை உடுத்து, முன்னறையில் வந்து இருப்பார். ஒருவரும் வர மாட்டார்கள். நான் பகிடிக்காக வாசலில் நின்று ஆட்களின் குரலில், "அம்மா நிக்கிறாவா?" என்று கேட்பேன். முதல் இரண்டு முறை அம்மா உண்மையாகவே எழும்பி வந்தார். அதோடு அந்த விளையாட்டை விட்டுவிட்டேன்.

ஒருநாள் உண்மையாகவே குரல் கேட்டது. போடியார், தயிர்ச்சட்டியோடு! அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "போடியார், இப்ப என்னட்ட ஒண்டுமில்லையே, மதகுக்கு நீங்க புது ஆளிட்டத்தானே போகோணும்" என்றார். போடியார் கதிரையில் வசதியாக இருந்துகொண்டு சொன்னார்: "போனன் தங்கச்சி. அவரும் பாப்பம் எண்டுதான் சொல்றார். ஆனா உங்கட பாப்பத்தில ஒரு பாசம் இருந்தது."

குசினியில் கேட்டது

பதவி போன பிறகு அம்மா கண்டுபிடித்த முதல் இடம் குசினி. அப்பா சுற்றிக் காட்டினார். உப்பு எங்கே, தூள் எங்கே, எந்த அடுப்பு சண்டித்தனம் பண்ணும் என்றெல்லாம். ஒரு பின்னேரம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கப் போனவள், போகிற போக்கில், "கலைவிழா வருது. வாறீங்களா?" என்றேன். பதில் என்ன என்று எனக்குத் தெரியும். தோளைக்கூடக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தேன், கை வைக்க வசதியாக.

அம்மாவின் வாய் வழக்கம்போல் 'பா' என்று திறந்தது. அப்படியே நின்றது. கையில் வெங்காயம், கண்ணில் தண்ணீர். வெங்காயத் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்வோம். வாயை மூடித் திரும்பவும் திறந்து, "ஓம்" என்றார். நான் குடித்த தண்ணீர் மூக்கால் வந்தது. அப்பா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மகள், இது நீ பேசினதா, அவ பேசினதா?"

கீழே ஒரு கதிரை

அந்த வருசம் பிரதம அதிதி புது ஆள். எங்கள் அம்மாவும் அப்பாவும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூட வாசல் படலையில் நின்ற அதிபருக்குப் பெரிய சிக்கல். தோற்றவரை மேடையில் ஏற்றினால் வந்தவர் கோபிப்பார், கீழே இருத்தினால் இவர் கோபிப்பார். "மெடம், உங்களுக்குத் தனியா ஒரு குசன் கதிரை..." என்று தொடங்கினார். அம்மா, "எங்க பெத்தாக்கள் இருக்கிற இடம்?" என்று கேட்டுவிட்டு, நடு வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் போய் இருந்தார். பக்கத்தில் ஜப்பார் நானா. அவருடைய பேத்தி கோலாட்டத்தில். விளக்கு ஏற்றினார்கள். பேசினார்கள். பாதியில் ஜீப் உறுமியது. அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்து, எஞ்சிய நிகழ்ச்சியைப் பார்த்ததாகக் கருதிப் புது ஆள் விடைபெறுவதாகச் சொன்னார். நடு வரிசையில் அம்மா தலையைக் குனிந்து சிரித்தார்.

கடைசியாக நான் ஏறினேன். பாண் ஓட்டோ, அதிபர், போடியார், சுனில் மாமா எல்லாரும் வந்து போனார்கள். மண்டபம் குலுங்கியது. அடுத்தது அம்மா. வருசா வருசம் அம்மாவின் ஜீப் போன பிறகு நான் செய்து கைதட்டல் வாங்குகிற குரல் அது. இன்றைக்கு ஆள் முன்னால் இருக்கிறார், அதுவும் தோற்றுப்போய். சனம் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தது. அப்பா எனக்கு வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அம்மாவைப் பார்த்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சந்தையில் கேட்டுக்கொண்டு நின்ற அதே முகத்தோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கிறவரை அல்ல, என்னை. நான் பக்கத்தில் ஒரு தோள் இருக்கிறதாக நினைத்துக் கையை வைத்து, இழுத்தேன்: "பாஆஆப்பம்."

நடு வரிசையில் பிளாஸ்டிக் கதிரை கிரீச்சிட்டது. அம்மா எழும்பி நின்று, ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரலில் சொன்னார்: "காணாது மகள், இன்னும் கொஞ்சம் இழுக்கோணும். பாஆஆஆஆப்பம்!"

கூரை பறக்கிற மாதிரிச் சனம் சிரித்து எழும்பி நின்று கைதட்டியது என் நிகழ்ச்சிக்கல்ல, அவருக்கு. எங்கள் அம்மாவைப் பதவியிலிருந்து இறக்க முடிந்த சனத்துக்கு, கீழே இருத்தியும் அவரை மேடையிலிருந்து இறக்க முடியவில்லை.